சாவின் வாயிலிருந்து தாய்மார்களை மீட்ட லாசன் டெயிட்

1881-ம் ஆண்டு, கோடைகாலம்.

இங்கிலாந்து நாட்டில் பர்மிங்ஹாம் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. பட்டறைகளும் ஆலைகளும் நிறைந்த ஊர். அந்த ஊரில் பெண்களுக்கு வைத்தியம் பார்ப்பதில் பேர் பெற்ற டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் லாசன் டெயிட். அப்போது அவருக்கு வயது 36. குள்ளமான உருவம். பருத்த உடல். பெரிய தலை. கத்தியைக் கையில் எடுத்தால் அந்தக் கை நடுங்காது என்று ஊரே சொல்லும்.

ஹால்ரைட் என்ற இன்னொரு டாக்டர் ஒரு பெண்ணைப் பார்க்கும்படி டெயிட்டை அழைத்தார். அந்தப் பெண்ணுக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து கொண்டிருந்தது.

என்ன நோய் என்பதை ஹால்ரைட் சரியாகவே கண்டுபிடித்திருந்தார். கரு கருப்பைக்குள் தங்கவில்லை. பக்கத்தில் உள்ள குழாயில் தங்கிவிட்டது. குழாய் வெடித்துவிட்டது என்று அவர் சொன்னார். அதோடு நிற்கவில்லை. வயிற்றைத் திறந்து, வெடித்த குழாயை எடுத்துவிட்டால் என்ன என்றும் கேட்டார்.

டெயிட் திகைத்துப் போனார். எத்தனையோ பெண்களின் வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்தான். ஆனாலும் அந்த யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டார்.

நடந்தது என்ன? மறுபடியும் உள்ளே ரத்தம் பெருகியது. அந்தப் பெண் இறந்துவிட்டார்.

பிரேதப் பரிசோதனை நடந்தது. வெடித்த குழாய் டெயிட்டின் கையில் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹால்ரைட் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. குழாயின் அடியில் ஒரு முடிச்சுப் போட்டு, குழாயை வெட்டி எடுத்திருந்தால் ரத்தம் நின்றிருக்கும். அந்தப் பெண் பிழைத்திருப்பார்.

இது டெயிட்டுக்குத் தெளிவாகப் புரிந்தது. காலம் கடந்து புரிந்தது.

குழாயில் தங்கும் கரு

லாசன் டெயிட்டின் கதையை மேலே சொல்வதற்கு முன், இது என்ன நோய் என்று தெரிந்துகொள்வது நல்லது.

பெண்ணின் கருப்பைக்கு இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய குழாய்கள் உண்டு. கருக்குழாய் என்று அவற்றுக்குப் பெயர். சினைப்பையிலிருந்து வரும் முட்டை இந்தக் குழாய் வழியாகத்தான் கருப்பைக்குப் போக வேண்டும். கரு உண்டாவதும் குழாயில்தான். உண்டான கரு சில நாட்களில் மெதுவாக நகர்ந்து கருப்பைக்குள் வந்து ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு பத்து மாதம் அங்கே வளரும்.

சில சமயம் கரு அந்த வழியைக் கடந்து வருவதில்லை. முன்பு வந்த புண்ணாலோ வீக்கத்தாலோ குழாய் கெட்டுப்போயிருக்கலாம். காரணமே தெரியாமலும் இப்படி ஆவது உண்டு. கரு குழாயிலேயே ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்கும். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இப்படி இடம் தவறிப் போகின்றன.

கருப்பை, குழந்தை வளர வளரத் தானும் விரிந்து கொடுக்கும். குழாயால் அப்படி விரிய முடியாது. சில வாரங்களில் குழாய் கிழிந்துவிடும். அந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் நிறைய உண்டு. ரத்தம் வெளியே வராது; வயிற்றுக்குள்ளேயே கொட்டும். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. காலையில் நன்றாக இருந்த பெண் மாலையில் வெளுத்துப்போய், மயங்கி விழுந்து, இரவுக்குள் இறந்துபோவது அந்தக் காலத்தில் நடந்த சங்கதி.

வைத்தியம் என்று எதைச் செய்தார்கள்? கேட்டால் நமக்குப் பதறும். கரு வளரக் கூடாது என்று தாயைப் பட்டினி போட்டார்கள். ஏற்கெனவே ரத்தம் இழந்தவளின் உடம்பிலிருந்து மேலும் ரத்தம் எடுத்தார்கள். கருவைக் கொல்ல மின்சாரம் பாய்ச்சினார்கள். ஊசி வழியாக உள்ளே மருந்து ஏற்றினார்கள். 1876-ம் ஆண்டு அமெரிக்காவில் பாரி என்ற டாக்டர், இப்படிக் கரு இடம் தவறிய சுமார் 500 பேரின் விவரங்களைத் திரட்டிப் புத்தகமாக வெளியிட்டார். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் இறந்திருந்தார்கள். வயிற்றைத் திறந்து, ரத்தம் வரும் இடத்தைக் கட்டுவதுதான் வழி என்று பாரி எழுதினார். அவருக்கு முன்பும் சிலர் அப்படிச் சொன்னது உண்டு. எழுதியவர்கள் உண்டு, செய்து காட்டியவர் இல்லை.

அதற்கும் காரணம் இருந்தது. வயிற்றைத் திறந்தால் சீழ் பிடித்துச் சாவு வரும் என்ற பயம் அன்று எல்லா டாக்டர்களுக்கும் இருந்தது. ரத்தம் இழந்து கிடப்பவருக்கு ஆபத்தில்லாமல் வேறு ரத்தம் ஏற்ற வழி தெரியாது. மனித ரத்தத்தில் வகைகள் உண்டு என்பதே 1900-ம் ஆண்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. சும்மா விட்டால் ஒருவேளை ரத்தம் உறைந்து தானாக நின்றுவிடலாம். கத்தியை வைத்து, மேஜையிலேயே பெண் இறந்துவிட்டால் பழி டாக்டர் தலையில்தானே விழும்?

டெயிட் தயங்கியது அதனால்தான்.

எடின்பரோவில் பிறந்தவர்

லாசன் டெயிட் 1845-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். ராபர்ட் லாசன் டெயிட் என்பது முழுப் பெயர். ஹெரியட் பள்ளிக்கூடத்தில் படித்தார். பதினைந்து வயதில் எடின்பரோ சர்வகலாசாலையில் சேர்ந்தார். முதலில் வேறு படிப்பு, பிறகு வைத்தியம்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் சாமானியர்கள் அல்ல. ஒருவர் ஜேம்ஸ் சைம், பெரிய ரண சிகிச்சை நிபுணர். இன்னொருவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன். பிரசவ வலிக்குக் குளோரபாரம் என்ற மயக்க மருந்தை முதலில் கொடுத்தவர் அவர்தான்.

சிம்ப்சனின் முகச் சாயல் டெயிட்டிடம் அப்படியே இருந்தது. ஊர் வாய் சும்மா இருக்குமா? டெயிட், சிம்ப்சனின் ரகசிய மகன் என்று வதந்தி கிளம்பியது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், டெயிட் அதை மறுத்துப் பேச அக்கறை காட்டவில்லை. பெரிய மனிதரின் பிள்ளை என்று பேசிக்கொண்டால் பேசட்டுமே என்று இருந்துவிட்டார்.

1866-ம் ஆண்டு வைத்தியம் செய்ய அனுமதிப் பத்திரம் பெற்றார். அடுத்த ஆண்டு வேக்ஃபீல்டு என்ற ஊரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. 1868-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு பெண்ணின் சினைப்பையில் வளர்ந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார். அப்போது அவருக்கு வயது 23. அனுபவம் உள்ள டாக்டர்களே தொடப் பயந்த ஆபரேஷன் அது.

1870-ல் பர்மிங்ஹாமுக்குக் குடி வந்தார். மறு ஆண்டு கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் சிபில். அதே ஆண்டு பர்மிங்ஹாமில் பெண்களுக்கென்று ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். டெயிட் அதில் டாக்டர் ஆனார். அவருடைய பேரும் புகழும் வளர்ந்தது அங்கேதான்.

சோப்பும் தண்ணீரும்

டெயிட்டின் குணத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

அந்தக் காலத்தில் லிஸ்டர் என்ற மேதை, புண்ணில் சீழ் பிடிப்பதற்குக் கிருமிகளே காரணம் என்று சொன்னார். கிருமியைக் கொல்ல, ஆபரேஷன் நடக்கும்போது கார்பாலிக் மருந்தைப் புகை போலத் தூவச் சொன்னார். டெயிட்டும் அதைச் செய்து பார்த்தார். பிறகு வேண்டாம் என்று தள்ளிவிட்டார். கிருமிக் கொள்கையையே கேலி செய்தார். இதில் டெயிட் சொன்னது தவறு. லிஸ்டர் சொன்னதுதான் சரி. இன்று பள்ளிப் பிள்ளைக்கும் அது தெரியும்.

ஆனால் டெயிட் என்ன செய்தார் என்று பாருங்கள். கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். கருவிகளைச் சுத்தமாக வைத்துக்கொண்டார். வயிற்றுக்குள் தேங்கிய ரத்தத்தையும் சீழையும் தண்ணீர் விட்டு அலசி வெளியேற்றினார். வாயால் கிருமி இல்லை என்றார். கையால் கிருமியைத் துரத்தினார்! 1884, 1885 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 139 பெண்களுக்குச் சினைப்பை ஆபரேஷன் செய்தார். ஒருவர்கூட இறக்கவில்லை. வைத்திய உலகம் மூக்கில் விரலை வைத்தது. அமெரிக்காவிலிருந்து டாக்டர்கள் கப்பல் ஏறி வந்து அவர் ஆபரேஷன் செய்வதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நீண்ட கீறல் அவருக்குப் பிடிக்காது. சின்னதாகக் கீறி, இரண்டு விரலை உள்ளே விட்டு, விரல் நுனியாலேயே நோயைத் தொட்டு அறிந்துகொள்வார். சந்தேகம் வந்தால் நாட்கணக்கில் காத்துக் கிடக்காமல், சின்னதாகத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் 1881-ல் ஒரே ஒரு தடவை திறந்து பார்க்கத் தயங்கினார். ஒரு பெண் போய்விட்டார்.

இரண்டாம் முறையும் சாவு

ஒன்றரை ஆண்டு கழிந்தது. 1883-ம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ந் தேதி. பக்கத்து ஊரான உல்வர்ஹாம்ப்டனைச் சேர்ந்த ஸ்பாக்மேன் என்ற டாக்டர் ஒரு பெண்ணைப் பார்க்க அழைத்தார். அதே நோய். உள்ளே ரத்தம் கொட்டிக் கொண்டிருந்தது.

இந்தத் தடவை டெயிட் மறுக்கவில்லை. வயிற்றைத் திறந்தார். உள்ளே ரத்தமும் ரத்தக் கட்டிகளும் நிறைந்து கிடந்தன. குழாயைச் சுற்றி எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க முயன்றார். பிரிக்கப் பிரிக்க ரத்தம் பொங்கியது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்தது. ஆனால் அந்தப் பெண் பிழைக்கவில்லை.

சற்று நினைத்துப் பாருங்கள். முதல் பெண், ஆபரேஷன் செய்யாததால் இறந்தார். இரண்டாவது பெண், ஆபரேஷன் செய்தும் இறந்தார். வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? இது விதி, நம்மால் ஆவது ஒன்றும் இல்லை என்று அந்த நோயை விட்டே விலகியிருப்பார். ஊர் டாக்டர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

டெயிட் தன் கைகள் செய்ததை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார். தவறு எங்கே என்று அவருக்குப் பட்டது. ஒட்டியதைப் பிரிப்பதில் நேரம் போய்விட்டது. குழாய் உடைந்து வீட்டில் தண்ணீர் பெருகும்போது, பாத்திரங்களை ஒழுங்கு செய்துகொண்டு நிற்பார்களா? முதலில் அடைப்பானைத் திருக வேண்டும் அல்லவா? அது போலத்தான். ரத்தத்தைப் பார்க்கக் கூடாது. ஒட்டலைப் பார்க்கக் கூடாது. கை நேராகக் குழாயின் அடிக்குப் போக வேண்டும். ரத்தம் வந்து சேரும் அந்த மடிப்பைச் சேர்த்து இறுக்கிக் கட்ட வேண்டும். மற்ற வேலை எல்லாம் பிறகு.

இரண்டு மாதத்துக்குள் மூன்றாவது பெண் வந்தார். 1883-ம் ஆண்டு மார்ச் மாதம். டெயிட் வயிற்றைத் திறந்தார். உள்ளே ரத்தக் குளம். அதைத் துடைத்து நேரத்தைக் கழிக்கவில்லை. குழாயின் அடியைத் தேடிப் பிடித்தார். முடிச்சு விழுந்தது. வெடித்த குழாயை வெட்டி எடுத்தார். பிறகுதான் உள்ளே அலசிச் சுத்தம் செய்தார்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

கருக்குழாய் வெடித்து, ஆபரேஷன் செய்து, அதனால் உயிர் தப்பியவர் என்று வைத்திய சரித்திரம் முதலில் குறித்து வைத்திருப்பது இவரைத்தான். அவருடைய முகம் நமக்குத் தெரியாது.

ஊரறிய ஒப்புக்கொண்டார்

1884-ம் ஆண்டு டெயிட் ஐந்து ஆபரேஷன்களின் விவரத்தைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற பத்திரிகையில் வெளியிட்டார். ஐந்து பேரில் நால்வர் பிழைத்தார்கள். இறந்த முதல் பெண்ணின் கதையையும் மறைக்காமல் எழுதினார்.

1888-ல் இந்த நோயைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே போட்டார். அதற்குள் சுமார் நாற்பது பேருக்கு இந்த ஆபரேஷன் செய்திருந்தார். இறந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மூன்றில் இரண்டு பேரைக் கொன்ற நோய், ஐந்தே ஆண்டுகளில் இப்படி அடங்கிப் போனது.

அந்த நேரத்தில் டெயிட் புகழின் உச்சியில் இருந்தார். 1881-ல் இறந்த பெண்ணை யாரும் நினைத்துப் பார்க்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தச் சங்கதியே வெளியே வந்திருக்காது. ஆனால் டெயிட் அதையும் எழுதினார். ஹால்ரைட் சொன்னதே சரி என்றும், தான் கேட்கவில்லை என்றும், கேட்டிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்றும் எழுதினார். பெருமைக்கு உரிய யோசனை தன்னுடையது அல்ல, ஹால்ரைட்டுடையது என்பதையும் அந்த எழுத்தே காட்டிக் கொடுத்துவிட்டது. இன்று நமக்கு இந்தக் கதை தெரிவது அவர் எழுதி வைத்ததால்தான்.

இதைச் செய்தவர் பணிவானவர் என்று நினைத்துவிட வேண்டாம். டெயிட் பெரிய சண்டைக்காரர்! லண்டன் டாக்டர்களோடு சண்டை. பத்திரிகைகளில் சண்டை. மிருகங்களை உயிரோடு அறுத்து ஆராய்ச்சி செய்வது பயனற்றது என்று 1882-ல் பேசி, விஞ்ஞானிகளோடு சண்டை. விட்டுக் கொடுப்பது என்பது அவர் பரம்பரையிலேயே இல்லை போலும். அவர் செய்த எல்லா ஆபரேஷனும் சரி என்றும் சொல்ல முடியாது. வலி என்று வந்த பெண்களுக்குச் சினைப்பைகளை எடுத்துவிடும் வழக்கம் அவரிடம் இருந்தது. இவ்வளவு தாராளமாக எடுக்கலாமா என்று அன்றே பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே இன்று படிப்பவருக்குத் தோன்றும்.

மற்ற துறைகளிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1879-ல் ஒரு பெண்ணின் பித்தப்பையைத் திறந்து கல்லை எடுத்து, அவரைப் பிழைக்க வைத்தார். 1880-ல் சீழ் பிடித்த குடல்வாலை எடுத்தார். பூச்சி தின்னும் செடிகளைப் பற்றி ஆராய்ந்து, டார்வினுக்குக் கடிதங்கள் எழுதினார். பர்மிங்ஹாம் நகர சபையில் அங்கத்தினராக இருந்தார். 1886-ல் பார்லிமெண்டுத் தேர்தலில் நின்றார், தோற்றார். பெண்கள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஆதரித்துப் பேசினார்.

கடைசிக் காலம் நன்றாக இல்லை. கோர்ட்டு வழக்குகள் வந்தன. வைத்தியத் தொழில் குறைந்தது. உடல் நலமும் கெட்டது. வேல்ஸ் நாட்டின் கடற்கரையில் லாண்டட்னோ என்ற அழகான ஊர் இருக்கிறது. அங்கே அவருக்கு ஒரு வீடு இருந்தது. கடலும் படகும் அவருக்கு உயிர். 1899-ம் ஆண்டு ஜூன் மாதம் 13-ந் தேதி, சிறுநீரக நோயால் அங்கேயே காலமானார். வயது 54.

அவருடைய உடலைப் புதைக்கவில்லை, எரித்தார்கள். அந்த நாட்டில் அன்று அது புதுமை. சாம்பலைக் கொண்டுவந்து, அவருடைய இடத்தில் இருந்த ஒரு குகையில் வைத்தார்கள்.

கத்தியிலிருந்து துளைக்கு

டெயிட் காட்டிய வழியில் டாக்டர்கள் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் வயிற்றைத் திறந்தே இந்த ஆபரேஷனைச் செய்தார்கள். பிழைத்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். ஆனால் வயிற்றில் நீண்ட தழும்பு இருக்கும். வாரக்கணக்கில் படுக்கை. பாரம் தூக்கக் கூடாது.

வயிற்றைத் திறக்காமலே உள்ளே பார்க்க முடியாதா என்ற எண்ணம் டெயிட் இறந்து இரண்டு ஆண்டிலேயே தோன்றிவிட்டது. 1901-ல் ஜெர்மனியில் கெல்லிங் என்ற டாக்டர், ஒரு நாயின் வயிற்றுக்குள் காற்றை நிரப்பி, சிறு துளை வழியாகக் குழல் விட்டுப் பார்த்தார். 1910-ல் ஸ்வீடன் நாட்டில் ஜேகபேயஸ் என்ற டாக்டர் மனிதர்களுக்கு அதைச் செய்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பாரிஸ் நகரில் ரவுல் பால்மர் என்பவர் பெண்களின் நோய்களைக் கண்டறிய இந்த முறையைப் பயன்படுத்தினார். முதலில் பார்ப்பதற்கு மட்டும்தான் துளை. பிறகு, பார்க்கிற துளை வழியாகவே வேலையும் செய்தால் என்ன என்று தோன்றியது. 1973-ல் அமெரிக்காவில் இரண்டு டாக்டர்கள், துளை வழியாகவே குழாய்க் கர்ப்பத்தை எடுத்ததைப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். 1980-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் புரூவா, குழாயை வெட்டி எடுக்காமல், அதைச் சிறிதாகக் கீறிக் கருவை மட்டும் எடுத்துவிட்டுக் குழாயைக் காப்பாற்றும் முறையை விவரித்தார்.

இதுதான் லேப்ராஸ்கோப்பி. பெயர் நீளமாக இருந்தாலும் விஷயம் எளியது. பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுக்கிறார்கள். தொப்புளில் ஒரு விரல் அகலத்துக்கும் குறைவாகக் கீறுகிறார்கள். அதன் வழியாகக் கரியமில வாயுவைச் செலுத்தினால் வயிறு பலூன் போல எழும்பும். உள்ளே இடம் கிடைக்கும். விளக்கும் காமிராவும் கொண்ட ஒரு மெல்லிய குழலை உள்ளே விடுகிறார்கள். உள்ளே இருப்பது எல்லாம் டெலிவிஷன் திரையில் பெரிதாகத் தெரிகிறது. அடிவயிற்றில் இன்னும் இரண்டு சிறு துளைகள் போட்டு, நீண்ட மெல்லிய கருவிகளை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே டாக்டர் வேலை செய்கிறார். குழாயின் அடியில் உள்ள ரத்தக் குழாய்களைச் சூட்டால் மூடி, கெட்ட குழாயை வெட்டி, சின்னப் பையில் போட்டுத் துளை வழியாகவே வெளியே எடுக்கிறார். தேங்கிய ரத்தத்தை அலசி உறிஞ்சிவிடுகிறார்.

டெயிட்டின் விரல் நுனி செய்த வேலையை இப்போது காமிராவின் கண் செய்கிறது. அடைக்க வேண்டிய இடம் மட்டும் 1883-ல் அவர் முடிச்சுப் போட்ட அதே இடம்தான்.

ஒரு குழாய் போய்விட்டதே, இனிக் குழந்தை பிறக்குமா என்று தாய்மார்கள் கவலைப்படுவது உண்டு. மறு பக்கத்துக் குழாய் நன்றாக இருந்தால், பலருக்குப் பிறகு நல்லபடியாகவே குழந்தை பிறக்கிறது. ஆனால் அடுத்த கர்ப்பத்திலும் கரு இடம் தவறக்கூடும் என்பதால், ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

டெயிட்டுக்குக் கிடைக்காத இன்னொரு வசதியும் இன்று உண்டு. அவர் பார்த்ததெல்லாம் குழாய் வெடித்த பிறகு. இன்று ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும், குழாய் வெடிப்பதற்கு முன்பே பல சமயம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கரு மிகச் சிறியதாக இருந்தால், ஆபரேஷன் இல்லாமல் மெத்தோட்ரெக்சேட் என்ற ஊசி மருந்தாலேயே சிலருக்குக் கரைத்துவிட முடிகிறது. அதற்குப் பெண் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். மாதவிலக்குத் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி இருந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. கொஞ்சம் ரத்தம் படுவது, தலை சுற்றல், மயக்கம் இவையும் அடையாளங்கள். தோளில் காரணம் இல்லாமல் வலி வந்தால் அதுவும் ஆபத்து. வயிற்றில் தேங்கும் ரத்தம் நரம்பைத் தொட்டு அங்கே வலிக்கச் செய்யும். சிலருக்கு மாதவிலக்குத் தள்ளிப்போனதே தெரியாமல் இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ரத்தம் மிக அதிகமாகக் கொட்டி, பெண் அபாய நிலையில் வந்தால், இன்றும் சில சமயம் டெயிட் செய்தது போல வயிற்றைத் திறந்துதான் ஆபரேஷன் செய்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் துளைதான். அன்றைக்கே எழுந்து நடக்கிறார்கள். பலர் மறுநாள் வீட்டுக்குப் போகிறார்கள். வயிற்றில் இரண்டு மூன்று சிறு தழும்புகள் இருக்கும். ஒரு வருஷம் போனால் அவற்றையும் தேடித்தான் பார்க்க வேண்டும்.